தாமிரமும் குறுவை நடவும்

ஜூன் 21, மன்னார்குடி பக்கம்

லேபில் அளந்த தரவோடு ஊருக்கு வந்து மூன்று நாள். தாமிரப் படிகத்தின் 001 முகம், அதாவது அணுக்கள் சதுரமாக அடுக்கியிருக்கும் மேற்பரப்பு. 1486.6 எலெக்ட்ரான் வோல்ட் எக்ஸ் கதிரை அடித்து, வெளிவரும் எலெக்ட்ரான்களைக் கோணம் கோணமாக எண்ணியிருக்கிறோம். ஒவ்வொரு கோணத்திலும் பின்னணியைக் கழித்து, 2பி உச்சியின் (தாமிர அணுவின் உள்கூட்டு எலெக்ட்ரான்கள் தரும் உச்சி) பரப்பை எடுத்து, அதன் மெதுவான ஏற்ற இறக்கத்தை வகுத்து நீக்க வேண்டும். மிஞ்சுகிற ஏற்ற இறக்கத்தில்தான் அணுக்கள் நிற்கும் இடம் எழுதியிருக்கிறது. அதைப் படிக்க, அணுக்கொத்தில் எலெக்ட்ரான் சிதறுவதைக் கணிக்கும் ஈடாக் நிரலில் ஒரு மாதிரி அணுக்கொத்தைக் கொடுத்துக் கணித்து, இரண்டையும் ஒப்பிட்டேன். இரண்டும் எவ்வளவு விலகுகின்றன என்று சொல்லும் ஆர் காரணி 0.62. பூச்சியம் வந்தால் முழுப் பொருத்தம், 1 என்றால் சம்பந்தமே இல்லை. எங்கோ பிழை இருக்கிறது.

ஜூன் 22

காலையில் வரப்பில் நின்றேன். அப்பா இந்த முறை மார்க்கர் (வயலில் கோடு போடும் கருவி) இழுத்து 25 செ.மீ. சதுர நடவு போட்டிருக்கிறார். நேராகப் பார்த்தால் வரிசை திறக்கிறது. மூலையைப் பார்த்து 45 பாகையில் நின்றாலும் திறக்கிறது. நடுவே எல்லாம் கலைசல். என் தரவிலும் 45 பாகையில்தான் எலெக்ட்ரான் எண்ணிக்கையின் பெரிய உச்சி! ஆனால் ஒரு வித்தியாசம். வயலில் கண்ணுக்குத் தெரிவது இடைவெளி. படிகத்தில் பிரகாசமாவது அணு வரிசையே. முன்னால் நிற்கும் அணு, பின்னாலிருந்து வரும் எலெக்ட்ரானை மறைப்பதில்லை. லென்ஸ் மாதிரி இழுத்துத் தன் திசையில் குவிக்கிறது. எனக்கு இது ஒவ்வொரு முறையும் வியப்புதான்.

"என்னம்மா, வரப்புலயே நின்னுட்ட?" என்றார் அப்பா. மூலைக்குக் கூட்டிப்போய்க் காட்டினேன்.

ஜூன் 23

கரண்ட் இல்லை.

ஜூன் 25

பிழை கிடைத்துவிட்டது. நிரல் இயக்க ஆற்றலை (வெளிவந்த எலெக்ட்ரானின் ஆற்றல்) கேட்ட இடத்தில் பிணைப்பு ஆற்றல் (அதை அணுவிலிருந்து பிடுங்கத் தேவைப்படுவது) 933-ஐக் கொடுத்திருக்கிறேன். கொடுக்க வேண்டியது 1486.6-இல் அதைக் கழித்த மிச்சம், அதாவது சுமார் 554. பெரிய உச்சிகள் பொருந்தியதால்தான் இத்தனை நாள் சந்தேகமே வரவில்லை. அவை அணு வரிசையின் திசையைப் பொறுத்தவை. ஆற்றல் மாறினாலும் இடம் மாறாது. அவற்றைச் சுற்றியுள்ள மெல்லிய வளையங்கள் அப்படியில்லை. குறுக்கீட்டால் வருபவை அவை, அலைநீளம் மாறினால் நகர்ந்துவிடும். 554-க்கு அலைநீளம் 0.52 ஆங்ஸ்ட்ராம், 933-க்கு 0.40. வளையங்களை முதலில் பார்த்திருக்க வேண்டும். புதியவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: உச்சியை நம்பாதீர்கள், வளையத்தைப் பாருங்கள்.

மறுபடி ஓட்டினேன். ஆர் காரணி 0.24.

ஜூன் 26

அப்பா களையெடுக்கும் கோனோவீடர் தள்ளுகிறார், முதலில் நெடுக்காக, அப்புறம் குறுக்காக. நான் அணுக்கொத்தைப் பெரிதாக்கி, மேல் அடுக்கின் இடைவெளியைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றி ராத்திரிக்கு ஓட விட்டிருக்கிறேன். கரண்ட் போகாமல் இருக்க வேண்டும்.