ஷ்டுட்கார்ட்டில் ஒப்பந்தக் கணக்கு

சென்னையில் முனைவர் பட்டம் முடித்து ஜெர்மனியின் ஷ்டுட்கார்ட் நகருக்கு வந்தபோது, திண்மநிலை இயற்பியல் படித்தவனுக்கு இதைவிடப் பொருத்தமான ஊர் அமையாது என்றே நினைத்தேன். கடுங்குளிரில் வலுவான காந்தப்புலத்தில் வைத்த மெல்லிய எலக்ட்ரான் படலத்தின் ஹால் மின்தடை (மின்னோட்டத்துக்குக் குறுக்கே அளப்பது), பொருள் எதுவாயினும், 25,812.807 ஓமை முழு எண்களால் வகுத்தால் வரும் மதிப்புகளிலேயே படிப்படியாக நிற்கும் என்பதை 1980இல் பிரான்சின் கிரெனோபிளில் கண்டறிந்து, 1985இல் நோபெல் பரிசு பெற்ற கிளாவுஸ் ஃபொன் கிளிட்சிங், நெடுங்காலம் இயக்குநராக இருந்த, திண்மநிலை ஆய்வுக்கான மாக்ஸ் பிளாங்க் நிறுவனம் இவ்வூரில்தான் இருக்கிறது.

நான் சேர்ந்த பல்கலைக்கழக ஆய்வகத்தில் ஆங்கிலமே போதுமானதாக இருந்தது. அங்கே எங்கள் நாளை வகுத்தது கடிகாரம் அல்ல, மாதிரிகளைக் குளிர்விக்கும் திரவ ஹீலியம். 4.2 கெல்வினில் கொதிக்கும் அந்தத் திரவம் கலத்தில் இருக்கும்வரை அளவீட்டை நிறுத்த மனம் வராது. ஆவியாகும் வாயுவையும் வீணாக்காமல் குழாய் வழியே பிடித்து மறுபடி திரவமாக்குவார்கள். ஆண்டுக்கொரு முறையேனும், மாதிரிகளை நியூட்ரான் கற்றையால் ஆராயப் பல மாதம் முன்பே விண்ணப்பித்துப் பெற்ற நேரத்துக்காகக் கிரெனோபிள் சென்று, இரவுபகலாக முறைவைத்து விழித்திருப்போம். வீடு திரும்பினால் கதவில் ‘கேர்வோகெ’ என்ற அட்டை தொங்கும்: அந்த வாரம் மாடிப்படி பெருக்கும் முறை எங்களுடையது. இவ்வட்டார வழக்கான ஸ்வாபிய ஜெர்மன் பேசப் பழகியது அந்த மாடிப்படியில்தான். அண்டை வீட்டார் அதைக் கண்டிப்பாகவே கற்பித்தார்கள்.

பணியின் நிலை வேறு கதை. பல்கலைக்கழக ஆய்வாளரை முனைவர் பட்டத்துக்கு முன் 6 ஆண்டும் பின் 6 ஆண்டும் தற்காலிகமாக வைத்திருக்க ஜெர்மனியின் 2007ஆம் ஆண்டுச் சட்டம் இடமளிக்கிறது. குழந்தை இருந்தால் இன்னும் 2 ஆண்டு வரை நீளலாம். அதன்பின் நிரந்தரப் பணியோ, வெளிநிதித் திட்டமோ கிடைக்காவிட்டால் வெளியேற வேண்டியதுதான். யாரையும் முடிவின்றித் தற்காலிகராக வைத்திருக்கக் கூடாதென்ற நோக்கம் நல்லதே. ஆனால், நிரந்தர இடங்களைப் பெருக்காமல் காலவரையை மட்டும் விதித்தால், அனுபவம் முற்றிய வயதில் ஆளை வெளியே அனுப்புவதில்தான் அது முடியும். இதை எதிர்த்து 2021இல், இச்சட்டத்தை விளக்கிய அரசுக் காணொளியில் வந்த கற்பனை ஆய்வாளரின் பெயரால் ‘நான் ஹன்னா’ என்ற முழக்கத்துடன் ஜெர்மானிய ஆய்வாளர்களே எழுந்தார்கள். எங்களைப் போன்றோருக்கோ ஒப்பந்தம் முடிந்தால் வதிவிட அனுமதியும் கேள்விக்குறியாகிவிடும்.

மகளை வார இறுதித் தமிழ் வகுப்பில் சேர்த்தபோது, எண்பதுகளில் அகதியாக வந்த யாழ்ப்பாணத்து அக்கா ஒருவர், “தம்பி, இவ்வளவு படிச்சும் இன்னும் ஒப்பந்தத்திலதானோ?” என்று வியந்தார். அவர் வந்தபோது கையில் ஒரு தாளும் இல்லை. நான் வந்தது அழைப்புக் கடிதத்துடன். இந்நாட்டில் வேரூன்றியவர் அவர்தான்.

உயர்கல்வி பெற்ற வெளிநாட்டுப் பணியாளருக்கான ‘நீல அட்டை’ என்ற வதிவிட அனுமதியும், பி1 எனப்படும் இடைநிலை ஜெர்மன் தேர்ச்சியும் இருந்தால் 21 மாதத்தில் நிரந்தர வதிவிட உரிமை கிடைக்கும். அது எனக்கு நிரந்தர வேலைக்கு முன்பே கிடைத்துவிட்டது. பேராசிரியர் பதவிக்கு விண்ணப்பிப்பதை நிறுத்திவிட்டு, குளிர்நிலை ஆய்வகத்தைப் பராமரிக்கும் நிரந்தரப் பணியில் இப்போது இருக்கிறேன். பிறருடைய மாதிரிகளை அளந்து கொடுத்த பிறகு கலத்தில் ஹீலியம் மிஞ்சினால், என்னுடையதையும் உள்ளே வைக்க யாரும் தடை சொல்வதில்லை.