பதின்மூன்று பேர்

ஏப்ரல் 6, திங்கள்

நிலா 100.6.

அப்பாதான் அளந்தார், சமையலறைக் கதவு நிலையில். வேலையில் இருந்த காலத்து ஸ்டீல் ஸ்கேலை அவள் தலைமேல் படுக்கவைத்து, நிலையோடு சேர்த்து அழுத்தி, விளிம்பில் கட்டைவிரலைக் கொடுத்து, நகத்தை ஒட்டியே பென்சிலை இழுத்தார். கண்ணால் பார்க்கவே இல்லை. கோடு நூல் பிடித்த மாதிரி இருந்தது.

மே மாசம் குடும்பமாகச் சிங்கப்பூர் போகிறோம். அங்கே யுனிவர்சல் ஸ்டூடியோஸில் ரோபோ ரைடுக்கு 102 வேண்டும். இந்த வயதில் ஒரு வருஷத்துக்கே ஆறேழு சென்டிமீட்டர்தான் வளருவார்கள். மே மாசத்துக்குள் 1.4 வளராது என்று எனக்குத் தெரியும். ஷூ போட்டால் ஒன்றரை கூடும். அதைத்தான் நம்பியிருக்கிறேன்.

ஏப்ரல் 8

விசா போட்டோ. பெரியவர்களுக்கு அரை மணியில் முடிந்தது. பாப்பா ஒருத்திக்கு மட்டும் இரண்டு மணி நேரம். 14 மாசக் குழந்தை. பின்னால் வெள்ளையாக இருக்கணும், கண் திறந்திருக்கணும், பிடித்திருக்கிற கை தெரியக் கூடாது. கடைசியில் அண்ணன் ஒரு புது வேட்டி வாங்கி வந்து தரையில் விரித்து அவளைப் படுக்கவைத்தான். அண்ணி சாவிக்கொத்தை ஆட்ட, கடைக்காரர் ஸ்டூல் மேல் ஏறி நின்று எடுத்தார். அந்தப் போட்டோ அவ்வளவு அழகு.

ஏப்ரல் 9

சாயங்காலம் அப்பா காபி டம்ளரைத் தட்டிவிட்டார். இடது பக்கம் இருந்தது.

ஏப்ரல் 12, ஞாயிறு

பாப்பாவுக்குக் காதுகுத்து, அம்பத்தூரில். 13 பேரும் ஒரே கூடத்தில். சாப்பிட்டு முடித்துப் பாயில் உட்கார்ந்து எல்லாம் பேசிவிட்டோம்.

தங்குவது சிராங்கூன் ரோடு பக்கம், நாலு ரூம். காலையில் இறங்கினால் இட்லி கிடைக்கும், அப்பாவுக்கு அது போதும். லிட்டில் இந்தியாவில் ஊதா லைன் ஏறினால் எங்கேயும் மாறாமல் ஹார்பர்ஃப்ரண்ட், அங்கிருந்து மோனோரயிலில் செந்தோசா. யுனிவர்சல் ஸ்டூடியோஸுக்கு இறங்கின அன்றே போக வேண்டாம், ராத்திரி ஃபிளைட்டில் தூங்காத பிள்ளைகள் வாசலிலேயே அழ ஆரம்பிக்கும், மறுநாள் போகலாம் என்றேன். மாமா உடனே சரி என்றார். மத்தியானத்துக்கு மேல் அங்கே இடி மழை வரும், மின்னல் என்றால் வெளியில் ஓடுகிற ரைடையெல்லாம் நிறுத்திவிடுவார்கள். அதனால் வெளியில் இருக்கிறதை முதலில் முடிக்கணும், கூரைக்குள் இருக்கிறது பிற்பாடு. மம்மி ரைடு 122, டைனோசர் ஆற்று ரைடு 107, ரோபோ 102. யாழினியும் கதிரும் எல்லாவற்றிலும் ஏறலாம். முகில் 108, தப்பித்தான். குட்டிகளை வைத்துக்கொண்டு ஒருத்தர் வெளியே நிற்க, இன்னொருத்தர் ஏறி இறங்கி வந்து ஆள் மாறிக்கொள்ள ஏற்பாடு இருக்கிறது, மறுபடி கியூவில் நிற்க வேண்டாம். யாரோடு யார் ஜோடி என்பதுவரை எழுதிவிட்டேன். அப்பாவுக்கு இடது பக்கத்தில் எப்போதும் ஒரு பெரியவர்.

முகில் மட்டும் அக்கா மடியைவிட்டு இறங்கவில்லை. கன்னம் சிவந்து கிடந்தது. வெயில் என்றாள். நிலா அவன் டம்ளரிலேயே ரோஸ்மில்க் குடித்தாள்.

ஏப்ரல் 14, செவ்வாய்

வேப்பம்பூ பச்சடிக்குத் தாளித்துக்கொண்டிருந்தேன். போன். “முகிலுக்கு அம்மா வந்திருக்காடி.”

சின்னம்மை. வயிற்றில் ஆரம்பித்து முதுகுக்குப் போயிருக்கிறது. தாம்பரம் வீட்டு வாசலில் வேப்பிலை செருகியாச்சு.

அடுப்பை அணைத்துவிட்டு, இரண்டு பிள்ளைகளின் சட்டையையும் தூக்கித் தூக்கிப் பார்த்தேன். எதற்கு என்று கதிர் கேட்டான். வருஷப் பிறப்பு என்றேன். வாயில் அதுதான் வந்தது.

ஏப்ரல் 15

தடுப்பூசி அட்டையைத் தேடி எடுத்தேன். நிலாவுக்கு 15 மாசத்தில் போட்டது ஒன்றுதான். இரண்டாவதை நாலு வயசுக்கு மேல் போடச் சொல்லியிருந்தார்கள். போன வருஷம் கூட்டிக்கொண்டு போன அன்று சளி, அடுத்த வாரம் என்று விட்டேன். அடுத்த வாரம் வரவே இல்லை. அந்தக் கட்டம் காலி. நான் காலியாக விட்ட கட்டம்.

டாக்டர் திட்டவில்லை. பக்கத்தில் இருந்த நாளிலிருந்து மூன்று நாளுக்குள், அதிகபட்சம் ஐந்து நாளுக்குள் போட்டால் வராமலே போகலாம், வந்தாலும் குறைச்சலாக வரும் என்றார். இன்றைக்கு மூன்றாம் நாள். போட்டாச்சு. ஊசியாலேயே சில பிள்ளைகளுக்கு இரண்டு மூன்று புள்ளி கிளம்பும், அதைப் பார்த்துப் பயந்துவிடாதீர்கள் என்றும் சொன்னார். இப்போது ஒரு புள்ளி வந்தால் எது எது என்று எப்படிச் சொல்வேன்?

கதிருக்கும் தருணுக்கும் இரண்டும் முடிந்தது. யாழினிக்கு மூணு வயசிலேயே வந்து போய்விட்டது. அண்ணி பாப்பாவைத் தூக்கிக்கொண்டு மத்தியானமே போய்ப் போட்டுவிட்டார்.

ஏப்ரல் 16

சனிக்கிழமை ராத்திரியே முகிலுக்குக் காய்ச்சல் அடித்திருக்கிறது. மருந்து கொடுத்துத் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறாள். சனிக்கிழமை ராத்திரியே.

ஏப்ரல் 18

தூக்கம் இல்லை. எண்ணிக்கொண்டே இருக்கிறேன்.

பத்து நாளிலிருந்து 21 நாளுக்குள் வரும். 12-ஆம் தேதியிலிருந்து எண்ணினால் 22-இல் தொடங்கி மே 3 வரை. ஃபிளைட் மே 7 ராத்திரி. கொப்புளம் முழுக்கக் காய்ந்து பொருக்கு தட்ட ஒரு வாரம் ஆகும், அதுவரை யாரையும் விமானத்தில் ஏற்றக் கூடாது. அப்படியென்றால் 27, 28-க்குள் வந்தால் பிழைத்துக்கொள்ளலாம். மே பிறந்து வந்தால் முடிந்தது. வருவதாக இருந்தால் சீக்கிரம் வந்துவிடு தாயே என்று சாமி மாடத்துக்கு முன்னால் நின்று வேண்டிக்கொண்டேன். என் பிள்ளைக்கு நோய் வரட்டும் என்று நானே. கொஞ்ச நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.

அது மட்டுமா. இவளுக்கு வந்தால் இவளிடமிருந்து வேறு ஒருத்தருக்கு இன்னொரு 21 நாள். கணக்கு மே முடிய நீள்கிறது.

அண்ணன் போனில் சொன்னான், “யாருக்கு வருதோ அவங்க வீடு மட்டும் நின்னுக்கட்டும், மத்தவங்க போயிட்டு வரலாம். இல்லேன்னா எல்லாருமே அடுத்த வருஷம் போலாமே.” இவர் என் கையிலிருந்து போனை வாங்கிப் பேசி வைத்தார்.

அடுத்த வருஷம் என்று அப்பா காதில் விழுகிற மாதிரி இந்த வீட்டில் யாரும் சொல்லக் கூடாது.

ஏப்ரல் 21

முகிலுக்குத் தலைக்கு ஊற்றிவிட்டார்கள். வேப்பிலையும் மஞ்சளும் போட்டு வெயிலில் வைத்த தண்ணீர். பொருக்கு உதிர ஆரம்பித்துவிட்டது, நுங்கு கேட்டான் என்றாள் அக்கா. அவள் மாமியார் திருவேற்காடு போய்க் கும்பிட்டுவிட்டுத்தான் கடல் தாண்டணும் என்கிறாராம். போகட்டும், நானும் வருகிறேன் என்றேன்.

பிறகு கேட்டேவிட்டேன். காய்ச்சல் தெரிந்தும் ஏன் கூட்டிக்கொண்டு வந்தாய்?

“நீதானேடி, ஒருத்தர் குறைஞ்சாலும் பேச முடியாது, 13 பேரும் வந்தே ஆகணும்னு அன்னிக்கு நாலு தடவை போன் பண்ணே.”

போனை வைத்ததும் பழைய கால்களைத் தள்ளிப் பார்த்தேன். ஏப்ரல் 11. நாலு தடவைதான்.

ஏப்ரல் 22

பத்தாம் நாள். ராத்திரி தூங்கினதும் டார்ச் அடித்துப் பார்த்தேன். முதுகு, வயிறு, காது மடலுக்குப் பின்னால், தலைமுடிக்குள். ஒன்றும் இல்லை.

ஏப்ரல் 23

இல்லை.

ஏப்ரல் 24

இல்லை. கழுத்தில் இருந்தது கொசுக்கடி.

ஏப்ரல் 27

அப்பாவுக்குக் கண் டெஸ்ட். இருட்டு அறையில் ஒரு கிண்ணத்துக்குள் முகத்தை வைத்துக்கொண்டு, வெளிச்சப் புள்ளி தெரிகிறபோதெல்லாம் பட்டனை அழுத்தணும். நான் பின்னால் உட்கார்ந்திருந்தேன். அவர் அழுத்துகிற சத்தம்தான் எனக்குக் கேட்கும். டிக், டிக். பிறகு ரொம்ப நேரம் ஒன்றும் இல்லை. எந்திரம் புள்ளி காட்டிக்கொண்டுதான் இருக்கிறது என்று தெரிந்தது. பட்டன்மேல் அவர் கட்டைவிரல் தயாராக, அசையாமல் இருந்தது.

தாளில் போன தடவை சாம்பலாக இருந்த இடம் இப்போது கறுப்பு. போனது திரும்ப வராது, இருப்பதைக் காப்பாற்றணும், சொட்டு மருந்தை ஒரு ராத்திரிகூட விடக் கூடாது என்றார்கள். நாங்கள் விட்டதே இல்லை. ஒன்பது மணி என்றால் ஒன்பது மணி.

ஆட்டோவில் வரும்போது அப்பா திடீரென்று, “வி.ஜி.பி.யில சிலை மாதிரி ஒருத்தர் நிப்பாரே, ஞாபகம் இருக்கா? உங்க அக்கா அவர் முன்னாடி என்னென்னவோ சேட்டை பண்ணா. நீ மட்டும் அழுதே, அவருக்குக் கால் வலிக்கும்னு” என்றார். எனக்கு அது சுத்தமாக ஞாபகம் இல்லை. உங்க அண்ணன் எங்கே நின்றான், அம்மா என்ன புடவை கட்டியிருந்தாள், எல்லாம் சொன்னார். வில்லிவாக்கம் வரும்வரை சொல்லிக்கொண்டே வந்தார்.

ஏப்ரல் 29

விசா 13-உம் வந்துவிட்டது. சத்தம் போட்டு அழுதேன்.

அண்ணி பொடி அரைக்கிறேன் என்றார். கசகசா மட்டும் வேண்டாம் அண்ணி, அந்த ஊரில் அது தடை, குருமாப் பொடியிலும் போட்டுவிடாதீர்கள் என்று மூன்று தடவை சொல்லிவிட்டேன். பருப்புப்பொடியும் புளிக்காய்ச்சலும் போதும். சொட்டு மருந்து என் கைப்பையில்.

முதுகில் ஒன்றும் இல்லை.

மே 1

நிலா 101.1. ஷூவோடு 102.6! “திரும்ப அளங்க தாத்தா” என்று அவளே நின்றாள். அப்பா திரும்ப அளந்தார். அதே கோடு. ரோபோ ரைடில் தாத்தா பக்கத்தில்தான் உட்காருவாளாம். தாத்தாவுக்கு அந்தக் குலுக்கல் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, அப்புறம் சொல்லிக்கொள்ளலாம்.

மே 3, ஞாயிறு

21.

ஒன்பது மணிக்கு அப்பாவுக்குச் சொட்டு விட்டு, அவள் சட்டையைத் தூக்கினேன். இடது தோள்பட்டைக்குக் கீழே ஒரு புள்ளி. சிவப்பு. வேர்க்குரு மாதிரிதான் இருக்கிறது. நாளைக்கு அக்னி நட்சத்திரம், வீடே கொதிக்கிறது, கதிர் கழுத்து முழுக்க வேர்க்குரு. ஆனால் இது ஒன்றே ஒன்று. ஊசியால் வந்ததாகக்கூட இருக்கலாம். இவர் போனில் பெரிதாக்கிப் பார்த்தார், போட்டோவில் எதுவும் விளங்கவில்லை. அக்காவுக்கு அனுப்பப் போய், அனுப்பாமல் வைத்தேன்.

அப்பா எழுந்து வந்தார். விளக்கைப் போடாதே, முழிச்சுக்கும் என்றார். கட்டிலில் உட்கார்ந்து, சுட்டுவிரலை அந்தப் புள்ளிமேல் மெதுவாக வைத்தார். பெயின்ட் அடித்த தகட்டில் குமிழ் இருக்கிறதா என்று ரயில் கோச்சுக் கோச்சாகத் தடவிப் பார்த்த விரல் அது. ஒரு சுற்று சுற்றினார். பக்கத்துத் தோலைத் தொட்டார். மறுபடி வைத்தார்.

“தண்ணி கோக்கலே. சொரசொரன்னுதான் இருக்கு. காலையில பாப்போம்.”

மே 4

ஒன்றுதான். அதே அளவு. அரைவல் கார்டு நாளை மறுநாள் பதியணும், 13 பேருக்கும்.