கடல் செண்ட்டை மூன்று வாரம் போட்டுப் பார்த்தேன்

நான் பிறந்து வளர்ந்தது பாம்பனில், ஏழு வருடமாக வேலை கோயம்புத்தூரில். கடல் வாசனை என்று விற்கும் செண்ட்டைப் போட்டுக்கொண்டால் ஊர் ஞாபகம் வருமா என்று பார்க்க ரொம்ப நாளாக ஆசை. முழு பாட்டில் விலை அதிகம் என்பதால் 10 மில்லி டீகான்ட், அதாவது பெரிய பாட்டிலிலிருந்து சின்னக் குப்பியில் பிரித்து விற்பது, வாங்கினேன். இத்தாலிய ஆடை வடிவமைப்பாளர் அர்மானி பெயரில் வரும் அக்வா டி ஜியோ, 1996ல் ஆண்களுக்காக வந்த அந்தப் பழைய ஓ டி டாய்லெட் (செண்ட்டில் கொஞ்சம் லேசான வகை), ஆல்பெர்ட்டோ மொரியாஸ் என்ற செண்ட் கலைஞர் உருவாக்கியது. சிசிலிக்கும் துனிசியாவுக்கும் நடுவில் பான்டெல்லேரியா என்று ஒரு எரிமலைத் தீவு இருக்கிறது, அர்மானிக்கு அங்கே வீடு இருந்தது, அந்தத் தீவுதான் இந்த செண்ட்டுக்குத் தூண்டுதல். தீவுக்காரன் எனக்கு இன்னொரு தீவின் வாசனை, அதனால்தான் மற்றதை எல்லாம் விட்டு இதை எடுத்தேன்.

முதல் வாரம் தினமும் காலையில் கழுத்தில் இரண்டு ஸ்ப்ரே, இரண்டு முழங்கை மடிப்பிலும் ஒவ்வொன்று. அடித்தவுடன் எலுமிச்சை வகைப் புளிப்பு, அப்புறம் நாரத்தம்பூ மாதிரி லேசான பூ வாசம், அதற்குள்ளே குளிர்ந்த தண்ணீர் போல ஒன்று. நன்றாகத்தான் இருந்தது, ஆனால் கடல் என்று சொல்ல மாட்டேன், குளித்துவிட்டுச் சலவைச் சட்டை போட்ட ஆளின் வாசனை. இரண்டு மணி நேரத்தில் மறைந்துவிட்டது என்று நோட்டில் எழுதி வைத்திருந்தேன், அது தப்பு. பக்கத்து சீட்டு அண்ணன் மதியம் மூன்று மணிக்கு "இன்னைக்கும் அதேதானா" என்று கேட்டபோதுதான் புரிந்தது, வாசனை போகவில்லை, என் மூக்கு பழகிவிட்டது. அதிலிருந்து வெளியே போய்க் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்துதான் முகர்ந்து பார்க்கிறேன்.

இரண்டாவது வாரக் கடைசியில் ஊருக்குப் போனேன். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே அம்மா கேட்டது, "தர்பூசணி வாங்கிட்டு வந்தியா தம்பி?" எனக்குச் சிலிர்த்துவிட்டது. ஏனென்றால் இந்த வகை செண்ட்டுகளுக்கு அடிப்படையே கலோன் என்ற செயற்கைப் பொருள்தான், 1966ல் ஃபைசர் வேதியியலாளர்கள் கண்டுபிடித்தது, அதற்குத் தொழிலில் தர்பூசணி கீட்டோன் என்றே இன்னொரு பெயர் உண்டு. தொண்ணூறுகளில் வந்த கடல் செண்ட்டுகளில் பெரும்பாலானவை இதன் மேல் கட்டப்பட்டவைதான். கலோனை மட்டும் தனியாக வாங்கியும் பார்த்தேன். வெள்ளைத் தூள், ஒரு கிராமை 99 கிராம் ஆல்கஹாலில் கரைத்துக் காகிதப் பட்டையில் தொட்டால் பச்சைச் சிப்பியும் ஈர இரும்பும் கலந்த மாதிரி மூக்கில் ஏறுகிறது, அதையே இன்னும் பத்து மடங்கு நீர்க்கச் செய்தால் தர்பூசணித் தோலுக்குப் பக்கத்தில் இருக்கும் வெள்ளைச் சதையும் கொஞ்சம் காற்றும். அந்தப் பட்டை ஒரு வாரம் கழித்தும் மணந்தது.

பெரியம்மா கடலில் பாசி எடுக்கப் போகிறவர். என் கையைப் பிடித்து நிதானமாக முகர்ந்துவிட்டு, "நல்லாருக்கு. ஆனா பாசி வாடையே இல்லையேப்பா" என்றார். முழுக்கச் சரி. கரையில் நிற்கும்போது நாம் கடல் வாசனை என்று சொல்வதில் பெரிய பங்கு டைமெத்தில் சல்ஃபைடு என்ற வாயுவுக்கு, பாசியிலும் கண்ணுக்குத் தெரியாத மிதவை உயிர்களிலும் இருக்கும் ஒரு பொருளை நுண்ணுயிர்கள் உடைக்கும்போது வெளிவருவது. சில கடற்பறவைகள் இதை மோப்பம் பிடித்தே இரை தேடுகின்றன. கொஞ்சம் கூடினால் வேகவைத்த முட்டைக்கோஸ் மாதிரி இருக்கும், அதனால் கழுத்தில் அடித்துக்கொள்ளும் பொருளில் அதைத் தாராளமாகச் சேர்க்க முடியாது.

ஊரில் கடற்கரையில் நின்று அடித்துப் பார்த்ததில் பிரயோஜனமே இல்லை. கச்சான் காற்று அள்ளிக்கொண்டு போய்விட்டது.

சரி, எனக்கு உண்மையாகப் பிடித்துப்போனது மூன்றாவது வாரம். ஒரு சனிக்கிழமை மதியம், நல்ல வெயில், உக்கடத்திலிருந்து டவுன் பஸ்ஸில் நின்றுகொண்டே வந்து, இறங்கி ஒன்றரை கிலோமீட்டர் நடந்து, சட்டை முதுகோடு ஒட்டிப்போய் வீட்டுக்குள் நுழைந்து முழங்கை மடிப்பை முகர்ந்தால், அதுதான்! எலுமிச்சை போய்விட்டது, பூ அடங்கிவிட்டது, அடியில் இருக்கும் பச்சோலி இலை வாசமும் மரத்தூள் மாதிரி ஒன்றும் வியர்வையோடு சேர்ந்து, கடலில் ஆடிவிட்டுத் துவட்டாமல் மணலில் உட்கார்ந்து காய்ந்த பையனின் தோள் மாதிரி மணந்தது. சின்ன வயதில் என் தம்பி தோளில் சாய்ந்து தூங்கும்போது வரும் வாசனை அது.

வியர்வையின் உப்புதான் காரணமா என்று சந்தேகம் வந்தது. மறுநாள் ஒரு கையில் உப்புத் தண்ணீர் தடவிக் காயவிட்டு, இன்னொரு கையைச் சும்மா விட்டு, இரண்டிலும் ஒரே அளவு அடித்து ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்தேன். வித்தியாசமே இல்லை. உப்பு ஆவியாகாது, அதற்கு வாசனையும் கிடையாது. அப்புறம் இருபது நிமிடம் ஸ்கிப்பிங் ஆடினேன், இரண்டு கையிலும் அந்த வாசனை வந்தது. உடம்புச் சூடும் வியர்வையும்தான் வேலை செய்கின்றன. ஏசி அறைக்குள் இந்த செண்ட் பாதிதான் திறக்கிறது என்பது என் முடிவு. வெயிலில் நாலு மணி நேரத்துக்கு மேல் நிற்காது, இருந்தாலும் அந்த நாலு மணி நேரத்துக்காக மே மாதம் முழுக்க இதைத்தான் போடப் போகிறேன்.

பாசி வாடைக்கு இன்னும் வழி தேடிக்கொண்டிருக்கிறேன். உத்தரப் பிரதேசத்தில் அத்தருக்குப் பேர்போன கன்னோஜ் பக்கம் சிப்பி ஓடுகளைச் சுட்டு வடிக்கும் எண்ணெய் ஒன்று உண்டு, சோயா நக் (choya nakh) என்பார்கள். 5 மில்லி வரவழைத்தேன். ஊசிமுனையில் தொட்டு இடது முழங்கையில் செண்ட்டுக்கு அடியில் வைத்ததற்கே புகை தூக்கிவிட்டது, படகுக்குத் தார் பூசும் நாள் மாதிரி. இப்போது அதை ஒரு சதவீதமாகக் கரைத்து வைத்திருக்கிறேன், அடுத்த மாதம் ஊருக்குப் போகும்போது பெரியம்மாவிடம் இரண்டு கையையும் நீட்டிக் கேட்க வேண்டும்.