முதலில் மூக்கை அளந்துவிடுங்கள்

சனிக்கிழமை மாலை, பட்டறையைச் சாத்தும் நேரத்தில் அந்த ஹோண்டா சிவிக் கார் வந்து நின்றது. ஓட்டி வந்த தம்பி இறங்கி, என்னைப் பார்க்காமல் முன்பம்பரையே பார்த்துக்கொண்டு நின்றார். "அண்ணா, நீங்க சொன்ன மாதிரியேதானுங்க பலகை போட்டு ஏத்தினேன். அப்படியும் அடிச்சிருச்சுங்க" என்றார். பம்பரின் அடி உதடு வலதுபக்கம் ஒரு சாண் நீளத்துக்குப் பிளந்து தொங்கிக்கொண்டிருந்தது. விரலால் தூக்கிப் பார்த்தேன். உள்ளே கிளிப் இரண்டும் உடைந்திருந்தன. அவர் செய்ததில் தப்பே இல்லை. வீட்டில் ஆயில் மாற்ற, வண்டியை ரேம்பில், அதாவது முன்சக்கரங்களை ஏற்றி நிறுத்தும் சரிவுக்கட்டையில், ஏற்ற நான் சொன்ன கணக்கில்தான் தப்பு.

கோயம்புத்தூரில் 24 வருடமாகக் கார் வேலை பார்க்கிறேன். சேர்ந்த முதல் பட்டறையில் பிட் இருந்தது. வண்டியைக் குழிக்கு மேலே நிறுத்திவிட்டு, படியில் இறங்கி நின்றால் எஞ்சின் ஆயில் நிற்கும் சம்ப் தலைக்கு மேலே இருக்கும். அப்புறம் இரண்டு தூண் லிஃப்ட் வந்தது. பட்டனை அழுத்தினால் வண்டி ஆள் உயரத்துக்கு ஏறிவிடும். அதனால் சரிவில் ஒரு வண்டியை ஏற்ற என்னென்ன வேண்டும் என்று நான் உட்கார்ந்து யோசிக்க வேண்டிய அவசியமே வந்ததில்லை.

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்து பட்டறைகள் மூடிக் கிடந்தபோதுதான் நிறைய பேர் வீட்டிலேயே ஆயில் மாற்ற ஆரம்பித்தார்கள். ஃபோனில் கேட்பார்கள், சொல்வேன். பட்டறை திறந்த பிறகும் சிலர் அந்தப் பழக்கத்தை விடவில்லை. தன் வண்டிக்குள் என்ன ஆயில் போகிறது என்பதைத் தன் கண்ணால் பார்க்க வேண்டும் என்பவர்கள் அவர்கள். எனக்கு அதில் வருத்தமில்லை. ஒருவர் தன் வண்டியின் அடிவயிற்றை ஒருமுறை பார்த்துவிட்டால், அதற்கப்புறம் வேகத்தடையில் வண்டியை ஏற்றும் விதமே மாறிவிடும்.

அவர்களிடம் நான் கண்டிப்பாகச் சொல்வது ஒன்று உண்டு. ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் போகவே கூடாது. எனக்குப் பதினேழு வயது இருக்கும்போது, பிட் காலியாக இல்லை என்று ஒரு வண்டியை டிராலி ஜாக்கியில் தூக்கி வேலை பார்த்துக்கொண்டிருந்தோம். ஜாக்கியின் சீல் தேய்ந்திருந்தது. ஆயில் உள்ளுக்குள்ளேயே கசிந்து, கண்ணுக்குத் தெரியாமல் இறங்கிக்கொண்டிருந்திருக்கிறது. அடியில் படுத்திருந்த அண்ணன் 17 நம்பர் ஸ்பேனர் எடுக்க வெளியே உருண்டு வந்தார். அவர் எழுந்து நிற்கும் முன்னால் வண்டி கீழே உட்கார்ந்துவிட்டது. பெரிய சத்தம்கூட வரவில்லை, 'தொப்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். அன்று மதியம் அவர் சாப்பிடவில்லை, நானும் சாப்பிடவில்லை.

அதனால்தான் வீட்டு வேலைக்கு ரேம்ப் நல்லது என்று சொல்கிறேன். வண்டி தன் சொந்தச் சக்கரத்தில் நிற்கும், இறங்கிப்போக சீல் எதுவும் கிடையாது. ஹாலோ பிளாக்கையும் செங்கல்லையும் அடுக்கி ஏற்றுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு நெஞ்சு பதறும். அந்தக் கல் சுவரில் பரவலாகப் பாரம் தாங்கும். டயர் ஒரே இடத்தில் அழுத்தினால் முன்னறிவிப்பே இல்லாமல் நொறுங்கிவிடும்.

இந்தத் தம்பி வாங்கியிருந்தது இணையத்தில் வந்த பிளாஸ்டிக் ரேம்ப். உயரம் 16 சென்டிமீட்டர், சரிவின் நீளம் 55. அவருடைய சிவிக் ஏற்கெனவே தாழ்வான வண்டி, நாலு பேர் உட்கார்ந்தால் வேகத்தடையில் அடி உரசும். அதில் ஸ்பிரிங்கை வேறு மாற்றித் தாழ்த்தியிருந்தார். முதல் தடவை ஏற்றப் பார்த்தபோது, சக்கரம் ரேம்பைத் தொடவே இல்லை, அதற்கு முன்னாலேயே பம்பர் போய் முட்டிவிட்டது. ஃபோட்டோ அனுப்பினார். ஒன்றரை அங்குலப் பலகையை முன்னால் போட்டு, அதன்மேல் ஏறி, அங்கிருந்து ரேம்புக்குப் போங்கள் என்று சொன்னேன். அப்படிச் செய்துதான் உதடு கிழிந்தது.

மறுநாள் டேப்பும் சாக்பீஸும் எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். போர்டிகோவில் வண்டியைச் சமமாக நிறுத்தச் சொல்லி அளந்தேன். தரையிலிருந்து உதடு 13 சென்டிமீட்டர். முன்சக்கரத்தின் மையத்திலிருந்து உதடு வரைக்கும் 80. இந்த இரண்டாவது அளவைத்தான் நான் மூக்கு என்று சொல்வேன். ரேம்ப் வாங்க வருகிற எல்லோரும் எவ்வளவு உயரம் தூக்கும், எவ்வளவு எடை தாங்கும் என்றுதான் கேட்கிறார்கள். மூக்கைக் கேட்பவர் யாரும் இல்லை. தாழ்ந்த வண்டிக்கு மூக்குதான் முதல் அளவு.

சாக்பீஸால் தரையில் ரேம்பின் பக்கவாட்டுத் தோற்றத்தை முழு அளவில் வரைந்தேன். அந்தச் சரிவு 16 டிகிரிக்குக் கொஞ்சம் மேலே வருகிறது. சரிவில் 45 சென்டிமீட்டர் உள்ளே போனாலே உயரம் 13 ஆகிவிடும். மூக்கு 80 என்பதால், சக்கரம் ரேம்புக்கு 35 சென்டிமீட்டர் தள்ளி இருக்கும்போதே உதடு இடித்துவிடும். முதல் தடவை நடந்தது இதுதான்.

இனி என் பலகைக் கணக்கு. சக்கரம் ஒரு சென்டிமீட்டர் ஏறினால் உதடு அதைவிட அதிகமாக ஏறும், ஏனென்றால் உதடு சக்கரத்துக்கு முன்னால் நீட்டிக்கொண்டிருக்கிறது. சிவிக்கின் இரண்டு அச்சுகளுக்கும் இடையே 270 சென்டிமீட்டர். அதோடு மூக்கு 80-ஐச் சேர்த்து 270-ஆல் வகுத்தால் 1.3 வரும். ஒன்றரை அங்குலம், அதாவது 3.8 சென்டிமீட்டர் பலகையில் சக்கரம் ஏறினால் உதடு கிட்டத்தட்ட 5 சென்டிமீட்டர் உயர்ந்து 18-க்கு வந்துவிடும். ரேம்பின் உயரம் 16 தானே, தாண்டிவிடும் என்று நினைத்தேன். ரேம்பின் கடைசியில் டயர் தாண்டிப் போகாமல் இருக்க ஒரு தடுப்பு இருக்கிறது, அதை நான் கணக்கில் எடுக்கவில்லை. அது இன்னும் 5 சென்டிமீட்டர். மொத்தம் 21. சக்கரம் பலகையில் இருக்கும்போதே உதடு அந்தத் தடுப்புக்கு நேராக வந்து, அதன் மேல் விளிம்பில் மாட்டிக் கிழிந்திருக்கிறது. கருப்புப் பிளாஸ்டிக்கில் சிவப்புப் பெயின்ட் ஒரு கோடாகத் தடுப்பின் நெற்றியில் ஒட்டியிருந்தது. அதைத் தடவிப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். பம்பர் வேலைக்கு அவரிடம் காசு வாங்கவில்லை.

அந்த ரேம்பை வைத்துக்கொண்டு இன்னொரு பலகை அடுக்கிச் சமாளித்திருக்கலாம். ஆனால் எனக்கு அதில் இன்னொரு கவலை இருந்தது. போர்டிகோவில் பார்க்கிங் டைல்ஸ், அதன்மேல் வழவழப்பான பிளாஸ்டிக். சிவிக்கில் இழுப்பது முன்சக்கரம். அது ஏறும்போது ரேம்ப் இடத்தைவிட்டு நழுவி ஓடவும் வாய்ப்பு உண்டு. தரை ஈரமாக இருந்தால் இன்னும் மோசம்.

சரி, மரத்திலேயே செய்வோம் என்று முடிவு செய்தோம். பழைய வீடுகளை இடித்து எடுத்த மரம் விற்கும் கடையில் வேங்கைப் பலகை கிடைத்தது, ஒன்றரை அங்குலக் கனம், ஓரடி அகலம். நாலு அடுக்கு. அடியில் 110 சென்டிமீட்டர், அதற்கு மேல் 85, அப்புறம் 60, உச்சியில் 35. ஒரு பக்கம் எல்லாம் சமமாக நிற்க, மறுபக்கம் 25 சென்டிமீட்டருக்கு ஒரு படி வரும். ஒவ்வொரு அடுக்கையும் பசை தடவி ஸ்க்ரூ போட்டு இறுக்கினோம். உச்சியில் ஒன்றரை அங்குலத்திலேயே ஒரு தடுப்புக்கட்டை. இந்த முறை தடுப்பையும் சேர்த்துத்தான் கணக்குப் போட்டேன். அடியில் பழைய லாரி டியூபை வெட்டி ஒட்டினோம். டைல்ஸில் வைத்துக் காலால் உதைத்துப் பார்த்தால் அசையவில்லை.

பாரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. சிவிக் சுமார் 1,200 கிலோ. அதில் ஏறக்குறைய 60 சதவீதம் முன்னால்தான் இருக்கும். ஒரு ரேம்புக்கு 360 கிலோ வரும். கடை ரேம்ப் வாங்குபவர்கள் அட்டையில் போட்டிருக்கும் எடை ஜோடிக்கா, ஒன்றுக்கா என்று பார்த்து வாங்குங்கள். பெரும்பாலும் அது ஜோடிக்குத்தான் இருக்கும்.

ஏற்றும் நாளில் நான் வண்டிக்குப் பக்கவாட்டில் மண்டியிட்டு, உதட்டையும் பலகையையும் பார்த்துக்கொண்டிருந்தேன். வழிகாட்டுகிறவர் வண்டிக்கு முன்னால் நிற்கவே கூடாது. டயர் முதல் படியைத் தொட்டபோது உதடு மூன்றாவது அடுக்குக்கு மேலே இருந்தது. நடுவில் என் ஒரு விரல் போகும் இடைவெளி. அதுதான் ஆபத்தான இடம். அரை கிளட்சில் மெதுவாக அழுத்தச் சொன்னேன். டயர் படியின் விளிம்பில் கொஞ்சம் அமுங்கி, பிறகு மேலே ஏறி உட்கார்ந்தது. ஏறிய மாத்திரத்தில் அந்த ஒரு விரல் இடைவெளி அகலமாகிவிட்டது. இரண்டாவது படியில் ஏறியபோது உதடு தடுப்புக்கட்டைக்கு மேலே நிம்மதியாகப் போனது. தம்பி கண்ணாடி வழியாக என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். கையைக் காட்டினேன். நின்றார்.

"பின்னாடி கல் வெச்சாச்சா?" லாரிக்காரர்கள் கிளீனரிடம் கேட்கும் கேள்வியை நானும் கேட்டேன். ஹேண்ட் பிரேக் போட்டு, முதல் கியரில் விட்டு, இரண்டு பின்சக்கரத்துக்கும் முன்னும் பின்னும் கட்டை கொடுத்தோம். பிறகு வண்டியைத் தோளால் இரண்டு மூன்று தடவை ஆட்டிப் பார்த்தோம். ஆட வேண்டியது உள்ளே போவதற்கு முன்னாலேயே ஆடிவிடட்டும்.

15 சென்டிமீட்டர் போதுமா என்று கேட்பீர்கள். அட்டைப்பெட்டியைப் பிரித்துப் போட்டு அதன்மேல் படுத்தால் கை முழங்கையோடு மடங்குகிறது, ஸ்பேனரைக் கால்வட்டம் சுற்ற முடிகிறது. ஆயிலை வடிக்கும் டிரெயின் போல்ட்டைக் கழற்ற இது போதும். அதிக உயரத்துக்கு ஆசைப்பட்டு, ஏற முடியாத ரேம்பை வாங்கி வைப்பதில் பயனில்லை.

மற்றதெல்லாம் அவருக்கு ஏற்கெனவே தெரியும். எஞ்சினுக்கு 17 நம்பர் தலை வைத்த போல்ட், சதுரக் குழி உள்ளது கியர்பாக்ஸுடையது, ஒன்றுக்குப் பதில் இன்னொன்றைக் கழற்றிவிடக் கூடாது. போல்ட்டுக்குப் புது வாஷர், முறுக்கும் விசை 39 நியூட்டன் மீட்டர். அலுமினியச் சம்ப்பில் அதற்கு மேல் முறுக்கினால் மரை போய்விடும். பழைய ஃபில்டரின் ரப்பர் வளையம் எஞ்சினிலேயே ஒட்டிக்கொண்டு இருந்துவிடும், விரலால் தடவிப் பார்த்துவிட்டுத்தான் புதியதைப் போட வேண்டும். ஃபில்டரோடு சேர்த்து 3.7 லிட்டர். ஊற்றியவுடன் அங்கேயே டிப்ஸ்டிக்கை எடுத்துப் பார்க்கப் போனார், தடுத்தேன். மூக்கு தூக்கி நிற்கும்போது அளவு தப்பாகக் காட்டும். கீழே இறக்கி, ஓடவிட்டு, எஞ்சினை அணைத்து, ஐந்து நிமிடம் கழித்துச் சமதரையில் பார்க்க வேண்டும்.

வடித்த ஆயிலை கேனில் பிடித்து என் பட்டறைக்கே கொண்டுவரச் சொல்லிவிட்டேன். 2016-ல் வந்த விதிகளின்படி பழைய ஆயில் அபாயகரமான கழிவு, அனுமதி பெற்றவர்களிடம்தான் போய்ச் சேர வேண்டும். என் பேரலோடு அதுவும் போகும். சாக்கடையில் ஊற்றுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். எங்கள் ஊர்க் குளங்களைப் பார்த்து வளர்ந்தவனுக்கு அதைப் பார்க்கப் பொறுக்காது.

இப்போது என் பட்டறைச் சுவரில், கரண்ட் பெட்டிக்குப் பக்கத்தில், பென்சிலால் ஒரு கணக்கு இருக்கிறது. தாழ்ந்த வண்டி எது வந்தாலும் உதட்டின் உயரத்தையும் மூக்கின் நீளத்தையும் எழுதி வைக்கிறேன். போன வாரம் தம்பியின் நண்பர் ஒருவர் வந்தார். அவர் வண்டியிலும் மூக்கு 80 தான், உதடு மட்டும் 11. தம்பியின் ரேம்பையே வாங்கிக்கொண்டு போகிறேன் என்றார். அது இடிக்கும், மூன்றாவது அடுக்கே 11.4 இருக்கிறது. படியின் நீளத்தை 25-லிருந்து 35 ஆக்கினால் உதடு தப்பும், அடிப்பலகை 140 சென்டிமீட்டர் வேண்டும். மரக்கடையில் சொல்லி வைத்திருக்கிறேன், ஞாயிற்றுக்கிழமை வெட்டுகிறோம்.