மாடி இல்லாத வீட்டில் படிக்கு 10 புள்ளி

பெரியம்மாவுக்குப் பாரிசவாதம் வந்து வலப்பக்கம் இழுத்த பிறகு வன்னியில் தர்மபுரத்து வீட்டுக்கு வந்துபோனவர்களில் கம்பஸ் பிள்ளைகள் இரண்டு பேரும் உண்டு. பிசியோ படிக்கிறவர்கள், இறுதியாண்டு ஆய்வு. சொன்ன நேரத்துக்கு வந்தார்கள், எதற்காக வந்திருக்கிறோம் என்று ஆறுதலாக விளங்கப்படுத்தினார்கள், கொடுத்த தேத்தண்ணியையும் குடித்தார்கள். பிள்ளைகளில் ஒரு குறையும் இல்லை, எனக்குக் கோபம் அவர்கள் கொண்டுவந்த வினாக்கொத்தில்தான்.

பார்தெல் அட்டவணை என்று அதற்குப் பெயர். 1965 இல் அமெரிக்காவின் மேரிலாந்தில் மஹோனி, பார்தெல் என்ற இரண்டு பேர் வெளியிட்டது, இன்றைக்கும் பாரிசவாத ஆய்வு என்றால் பல நாடுகளில் இதைத்தான் எடுக்கிறார்கள். சாப்பாடு, குளிப்பு, உடுப்பு, மலசலகூடம், நடை என்று 10 விடயங்கள், எல்லாம் தானாகச் செய்தால் 100. அதில் படி ஏறி இறங்குவதற்கு மட்டும் 10 புள்ளி.

“படி ஏறுவீங்களா அம்மா?”

“வீட்டுத்திட்ட வீட்டில மாடி எங்க மோனை கிடக்கு?”

பிள்ளை சிரித்துவிட்டு, விறாந்தைக்கு ஏறுகிற இரண்டு படியையும் ஏறச் சொல்லிப் பார்த்துப் புள்ளி போட்டது. குளிப்பில் இன்னும் சிக்கல். வாளியில் தண்ணீர் இருந்தால் பெரியம்மா இடக்கையால் தானே அள்ளி வார்ப்பார், கிணற்றில் இருந்து அள்ளிக் கொடுப்பது மச்சாள். அப்போ தானாகக் குளிக்கிறாரா இல்லையா? அதைக் குறிக்க அந்தத் தாளில் இடமே இல்லை.

எப்படியோ 90 தாண்டிவிட்டது. கிளினிக்கிலும் நல்லாயிட்டீங்கள், இனி அடிக்கடி வரத் தேவையில்லை என்றாச்சு. சரி, நல்லானவரைத் தேங்காய் திருவுகிற திருவலையில் இருத்திப் பாருங்கள். பலகையில் ஒரு காலை மடித்துக் குந்தவேண்டும், பாதித் தேங்காயை இரண்டு கையாலும் பிடித்துப் பல்லில் அழுத்தி மணிக்கட்டைச் சுழற்றவேண்டும். பெரியம்மாவின் வலக்கை சிரட்டையைப் பிடிக்கும், சுழற்றாது. இரண்டு இழுவையில் தேங்காய் பல்லில் இருந்து வழுகி, பூ எல்லாம் தட்டுக்கு வெளியே கொட்டும். பிறகு எழும்புவதற்குக் கதவு நிலையைப் பிடிக்கவேண்டும், அதுவும் எட்டாவிட்டால் யாரையாவது கூப்பிடவேண்டும். இடுப்பு, முழங்கால், மணிக்கட்டு, இரண்டு கையும் சேர்ந்து இயங்குவது, எல்லாச் சோதனையும் அந்த ஒரு பாதித் தேங்காயில் முடிந்துவிடும்.

இதில் வேடிக்கை என்னவென்றால் அட்டவணையை உண்டாக்கியவர்களே அன்றைக்கே எழுதிவைத்திருக்கிறார்கள், 100 எடுத்தவர் தனியாக வாழக்கூடியவர் என்று எடுக்கவேண்டாம், சமைக்கவோ வீட்டைப் பார்க்கவோ அவரால் முடியாமல் இருக்கலாம் என்று. அந்த வரியை யாரும் வாசிப்பதில்லை, எண்ணை மட்டும் தூக்கிக்கொண்டு போகிறார்கள்.

அன்றாட வேலைகளைத் திரும்பச் செய்யப் பழக்குகிற தொழில்வழிச் சிகிச்சைக்காரர்களிடம் வேறொரு அளக்கும் முறை உண்டு. 1991 இல் கனடாவில் வந்தது. நோயாளியையே கேட்பார்கள்: எதைச் செய்ய முடியாமல் இருக்கு, அதில் உங்களுக்கு எது முக்கியம்? அவர் சொன்னதில் ஐந்து வரை எடுத்து, இப்போது எவ்வளவு செய்ய முடிகிறது, அதில் எவ்வளவு திருப்தி என்று 1 முதல் 10 வரை அவரையே புள்ளி போடச் சொல்லி, சிகிச்சைக்குப் பிறகு திரும்பக் கேட்பார்கள். பெரியம்மாவைக் கேட்டிருந்தால் திருவலை வந்திருக்கும், முற்றம் கூட்டுவது வந்திருக்கும், வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்குப் போய் மண்ணில் குந்தியிருந்து பொங்குவது கட்டாயம் வந்திருக்கும்.

நிலத்தில் இருந்து எழும்பும் சனத்துக்கென்று யோசித்துச் செய்தால் என்ன வரும் என்பதை வன்னிக்குப் புதிதாகச் சொல்லத் தேவையில்லை. 1968 இல் டொக்டர் சேத்தியும் ராம்சந்திர சர்மா என்ற கைவினைஞரும் ஜெய்ப்பூரில் கால் இழந்தவர்களுக்கென்று உருவாக்கிய ரப்பர் பாதம் அப்படி வந்ததுதான். சப்பாத்து வேண்டாம், குந்தலாம், சம்மணம் கட்டலாம், சேற்றில் இறங்கலாம். பாதத்துக்குச் செய்த யோசனையை அளவுகோலுக்கும் செய்தால் என்ன?

இன்னொன்று. நல்ல கைக்கு உறை போட்டுவிட்டு, இழுத்த கையை ஒரு நாளைக்கு 6 மணித்தியாலம் வரை இரண்டு கிழமை பழக்குகிற முறையை அமெரிக்காவில் 222 பேரை வைத்து ஆராய்ந்து 2006 இல் வெளியிட்டார்கள், பலனும் இருந்தது. மாதத்துக்கு ஒருதரம் கிளினிக் திகதி கிடைக்கிற இடத்தில் 6 மணித்தியாலம் யார் பக்கத்தில் நிற்பது? ஆனால் வீட்டு வேலைக்குள்ளேயே அந்த நேரத்தை எப்படி நுழைப்பது, மச்சாளோ பேரப்பிள்ளையோ பழக்கினால் எவ்வளவு பலன் மிஞ்சும், இதையெல்லாம் இங்கே ஒரு ஆய்வாகச் செய்யலாம்தானே.

வவுனியாப் பல்கலைக்கழகம் 2021 இல் தனியாகத் தொடங்கியபோது இருந்த மூன்று பீடங்களில் மருத்துவம் சார்ந்தது ஒன்றும் இல்லை. இந்தமாதிரி ஆய்வுக்கு ஆட்கள் வெளியிலிருந்துதான் வருகிறார்கள், வரட்டும். வருகிறவர்கள் விடியவே வாருங்கள், சனம் கிணற்றடியிலும் குசினியிலும் நிற்கிற நேரம் அதுதான். முடிந்ததும் கண்டதை ஒரு தாளில் தமிழில் எழுதி, நீங்கள் போன வீடுகளுக்குக் கொடுத்துவிடுங்கள். ஆங்கிலச் சஞ்சிகையில் வந்தால் உங்களுக்கு நல்லது, மச்சாளுக்குத் தெரியவேண்டியது எந்தப் பயிற்சியை எவ்வளவு நேரம் செய்விப்பது என்பது.