மாமாவைக் கண்டது, என்னைக் காணவில்லை

மாதிரித் தேர்வுக்காக மடிக்கணினி முன்னால் உட்கார்ந்து ஏழு நிமிடம் ஆகிவிட்டது. “முகம் தெரியவில்லை, கேமராவுக்கு நேராக வரவும்” என்று திரை நான்காவது முறையாகச் சொல்கிறது. நேராகத்தான் இருக்கிறேன். மூக்கு இடிக்கிற அளவுக்குக் கிட்டப் போனேன். கண்ணாடியைக் கழற்றினேன். பொட்டை எடுத்தேன். முடியை இழுத்துக் கட்டினேன். ஐந்தாவது முறை பச்சைச் சதுரம் ஒன்று எழும்பியது. அப்பாடா என்று சாய்ந்தபோதுதான் பார்த்தேன், சதுரம் என் முகத்தைச் சுற்றி இல்லை. எனக்குப் பின்னால் சுவரில் சந்தன மாலையோடு தொங்கும் மாமனார் படத்தைச் சுற்றி இருந்தது. மாமா போய் ஒன்பது வருடமாகிறது.

நான் சிங்கப்பூரில், ஜூரோங்கில் ஒரு சரக்குக் கிடங்கில் பதினேழு வருடமாக வேலை பார்க்கிறவள். டிப்ளமாவோடு நுழைந்தேன். என்னிடம் வேலை பழகிய பிள்ளைகள் கையில் பட்டம் இருந்ததால் மூன்றே வருடத்தில் எனக்கு மேலே போய் உட்கார்ந்தார்கள். அவர்கள் மேல் கோபமில்லை, என் மேல்தான். அதனால் 44 வயதில் பகுதிநேரப் பட்டப்படிப்பில் சேர்ந்தேன். விநியோகச் சங்கிலி மேலாண்மை. வகுப்புகள் பெரும்பாலும் இணையவழி.

பணம் எப்படி என்று பலர் கேட்டார்கள், அதையும் சொல்லிவிடுகிறேன். 2016இல் 25 வயது நிரம்பிய சிங்கப்பூரர்களுக்கு, படிப்புக்கென்று அரசாங்கம் தரும் ஸ்கில்ஸ்ஃபியூச்சர் கிரெடிட் 500 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) கொடுத்தார்கள். நான் அதில் கேக் அலங்காரம் கற்றுக்கொண்டேன், அதை விடுங்கள். 2020இல் இன்னொரு 500 வந்தது. 2025 டிசம்பர் 31 வரைக்கும்தான் அதற்கு ஆயுள் இருந்தது. 2024 மே மாதம் 40 வயதைத் தொட்டவர்களுக்கு 4,000 வெள்ளி போட்டார்கள். இதற்குக் காலாவதி கிடையாது. ஆனால் கேக் அலங்காரத்துக்குச் செல்லாது, தேர்ந்தெடுத்த படிப்புகளுக்கு மட்டும்தான். எதுவுமே நம் கைக்குப் பணமாக வராது, நேராகக் கல்வி நிலையத்துக்குப் போய்விடும். முக்கியமான ஒன்று: வகுப்பு தொடங்குவதற்கு முன்பே விண்ணப்பித்துவிட வேண்டும். நான் இரண்டே நாள் இருக்கும்போது, இரவு பதினொன்றரைக்கு, அரசாங்கச் சேவைகளுக்கான இணையக் கணக்கான சிங்பாஸில் நுழைந்து, கை நடுங்க நடுங்கப் பொத்தானை அழுத்தியவள். அப்படிச் செய்யாதீர்கள்.

வீட்டிலிருந்தே பட்டம் வாங்குவது இந்த ஊருக்குப் புதிதில்லை. என் சித்தப்பா 1990களில் சிங்கப்பூர் நிர்வாகக் கழகம் வழியாக பிரிட்டனின் திறந்தநிலைப் பல்கலைக்கழகப் பட்டம் படித்தார். கட்டுக் கட்டாகப் புத்தகம் வரும். அதை பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு தூங்குவார். அவருக்குப் புத்தகம் வந்தது, எனக்கு அறிவிப்பு வருகிறது. காலை உணவு வேளையில் ஒன்று, கிடங்கில் லாரி வந்து நிற்கும்போது ஒன்று, இரவு பாத்திரம் கழுவும்போது ஒன்று. முதல் மாதம் எல்லாவற்றையும் உடனே திறந்து பார்த்தேன். அப்புறம் நாளுக்கு இரண்டு முறை மட்டும் என்று வைத்துக்கொண்டேன். ஒன்றும் கெட்டுப்போகவில்லை.

எங்களுடையது ஈசூனில் நாலறை வீடு. ஓர் அறை எங்களுக்கு, ஒன்று அத்தைக்கு, ஒன்று ஓ நிலைத் தேர்வுக்குப் படிக்கும் மகனுக்கு. எனக்குக் கூடத்தில் இருக்கும் சாப்பாட்டு மேசை. திங்களும் வியாழனும் இரவு ஏழிலிருந்து பத்து வரை அதுதான் என் பல்கலைக்கழகம். அதே நேரம்தான் வசந்தம் தொலைக்காட்சியில் அத்தையின் நாடகம். முதல் வாரம் ஹெட்போனை மீறி வில்லியின் அழுகை வகுப்புக்குள் போய்விட்டது, விரிவுரையாளர் “யாருக்கும் உதவி வேண்டுமா?” என்று கேட்டுவிட்டார். அதற்குப் பிறகு அத்தை ஒலியை அடைத்துவிட்டே பார்க்க ஆரம்பித்தார். கதை நன்றாகவே புரிகிறதாம். “எல்லாம் ஒரே கதைதானேம்மா” என்றார்.

மூன்று மணி நேரமும் கேமரா திறந்திருக்க வேண்டும். கிடங்கில் பத்து மணி நேரம் நின்றாலும் வராத அசதி இதில் வந்தது. வயசாகிவிட்டது என்று நினைத்தேன். வகுப்பிலேயே ஒரு தோழி ஸ்டான்ஃபோர்டு பேராசிரியர் ஜெரமி பெய்லன்சன் இந்தக் காணொளி அசதியைப் பற்றி 2021இல் எழுதிய கட்டுரையைச் சொன்னார். எல்லோரும் முகத்துக்கு நேராக நம்மையே பார்ப்பது போன்ற உணர்வு, ஓயாமல் நம் முகத்தை நாமே பார்த்துக்கொண்டிருப்பது, அசையாமல் உட்கார்ந்திருப்பது, தலையாட்டலைக்கூட மிகைப்படுத்திக் காட்ட வேண்டியிருப்பது என்று நான்கு காரணங்களை அடுக்குகிறார். ஸூமில் நம் முகம் நமக்கு மட்டும் தெரியாமல் மறைக்க வழி இருக்கிறது. மற்றவர்களுக்குத் தெரிந்துகொண்டேதான் இருக்கும். அன்றே மறைத்தேன். பாதி அசதி போனது. யோசித்துப் பாருங்கள், கண்ணாடியைப் பிடித்துக்கொண்டே யாராவது பாடம் கேட்பார்களா?

சிறு குழுக்களாகப் பிரித்து விடுவார்களே, அதுதான் கொடுமை. ஐந்து பேர், ஐந்து சதுரம், மயான அமைதி. ஒருநாள் பொறுக்க முடியாமல் “எல்லோரும் சாப்பிட்டாச்சா?” என்று கேட்டேன். அவ்வளவுதான், மடை திறந்தது. ஒருவர் தெம்பனிஸில் பலமாடிக் கார் நிறுத்துமிடத்தில், காருக்குள் உட்கார்ந்து வகுப்பில் இருந்தார். வீட்டில் இரட்டைக் குழந்தைகள். இன்னொருவர் புளோக்கின் கீழ்த்தளத்தில் கல்மேசையில், கொசுவர்த்தியோடு. ஓர் அண்ணன் கோப்பிக்கடையில் பாலில்லாத ஒரு கோப்பி ஓவை மூன்று மணி நேரம் ஓட்டிக்கொண்டிருந்தார். ஐந்து பேரில் தனி அறை உள்ளவர் ஒரே ஒருவர். பாடத்திட்டக் குறிப்பிலோ “அமைதியான, தனியான இடத்தில் அமரவும்” என்று ஒற்றை வரி, ஏதோ தண்ணீர் பாட்டில் எடுத்து வாருங்கள் என்று சொல்வதுபோல.

நடுவில் ஒரு சனிக்கிழமை வளாகத்துக்குப் போனோம், மெய்நிகர் கிடங்கைப் பார்க்க. தலையில் மாட்டும் கருவி எல்லா அளவுக்கும் பொருந்தும் என்றார்கள். கொண்டை போட்டவர்களுக்குப் பொருந்தாது. கொண்டையை அவிழ்த்துப் பின்னலாக்கி மாட்டினேன். கழற்றியபோது நெற்றிப் பஞ்சில் என் குங்குமம். துடைக்கத் துடைக்கப் பரவியது. உள்ளே காட்டியது என்னவோ நல்ல கிடங்குதான். அலமாரி உயரம், பெட்டி அடுக்குமுறை எல்லாம் சரி. ஃபோர்க்லிஃப்ட் மட்டும் பின்னால் வரும்போது பீப் பீப் சத்தமே இல்லை. பதினேழு வருடம் அந்தச் சத்தத்துக்கு ஒதுங்கிப் பழகிய உடம்பு. சத்தமில்லாமல் வண்டி மேலே ஏறியதும் அலறிவிட்டேன். பத்து நிமிடத்தில் வயிற்றைப் புரட்டியது. நகர்கிறாய் என்று கண் சொல்கிறது, நிற்கிறாய் என்று காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு சொல்கிறது. இரண்டும் சண்டை போட்டால் குமட்டத்தான் செய்யும். பார்வையைத் தூரத்தில் ஒரே இடத்தில் நிறுத்தினால் கொஞ்சம் அடங்குகிறது. ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும்: நிஜக் கிடங்கில் அலமாரியைச் சரித்துப் பார்க்க முடியாது, இதில் மூன்று முறை சரித்து, ஏன் சரிந்தது என்று புரிந்துகொண்டேன்.

சரி, தேர்வுக்கு வருகிறேன். மடிக்கணினியில் வேறு எதையும் திறக்க விடாத பூட்டு பிரவுசர், அதில் முகத்தைக் கண்காணிக்கும் மென்பொருள், பக்கவாட்டில் இரண்டாவது கேமராவாகக் கைப்பேசி. மனிதக் கண்காணிப்பாளரும் உண்டு. ஆனால் மென்பொருள் உள்ளே விட்ட பிறகுதான் அவரைப் பார்க்க முடியும்.

உதவி மையத்துக்கு எழுதினேன். “வெளிச்சத்தைக் கூட்டவும்” என்று பதில். கூட்டினேன், ஆகவில்லை. மகன்தான் உட்கார்ந்து ஆராய்ந்தான். நான் ஜன்னலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தேன். கேமரா ஜன்னலின் வெளிச்சத்துக்கு ஏற்ப ஒளியைக் குறைத்துக்கொள்ள, என் முகம் கரிக்கட்டையாகிவிட்டது. நிறத்துக்கும் இதில் பங்கு உண்டு என்று பிறகு படித்தேன். அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜாய் புவோலம்வினியும், அப்போது மைக்ரோசாஃப்டில் இருந்த டிம்னிட் கெப்ருவும் 2018இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். முகத்தை வைத்து ஆணா பெண்ணா என்று சொல்லும் மென்பொருள்களைச் சோதித்ததில், கருநிறப் பெண்கள் விஷயத்தில் 34.7 சதவீதம் வரை தப்பு. வெளிர்நிற ஆண்களுக்கு அதிகபட்சமே 0.8 சதவீதம். என் தேர்வு மென்பொருளைப் பற்றிய ஆய்வு இல்லை அது. இருந்தாலும் படித்தபோது, பொட்டை எடுத்து, கண்ணாடியைக் கழற்றி, என் முகத்தின் மேலேயே பழி போட்டுக்கொண்டிருந்த அந்த ஏழு நிமிடம் நினைவுக்கு வந்தது.

மாமா மட்டும் எப்படித் தெரிந்தார்? அவரும் என் நிறம்தான். அந்தக் காலத்து ஸ்டூடியோக்காரர் டச்சப் செய்து இரண்டு மடங்கு சிவப்பாக்கி, பின்னால் வெளிர்நீலத் திரை விட்டு எடுத்த படம் அது.

படத்தைத் தேர்வு முடியும்வரை இறக்கி வைக்கலாமா என்று அத்தையிடம் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. என் கணவர் கேட்டார், அம்மாவிடம் மகன் கேட்கலாம். “உன் அப்பாவை எங்கடா வைப்பே? அலமாரிக்குள்ளயா?” அத்தோடு முடிந்தது. ஆக, மேசையைத் திருப்பினோம். மாமா எனக்கு எதிரில், ஜன்னல் இடப்பக்கம். இப்போது முகத்தில் பாதி வெளிச்சம், பாதி இருட்டு. அத்தை ஒன்றும் பேசாமல் உள்ளே போய், தீபாவளிக்கு எடுத்த எட்டு முழ வேட்டியைக் கொண்டு வந்து, துணி காயப்போடும் ஸ்டாண்டில் விரித்து என் வலப்பக்கம் நிறுத்தினார். ஜன்னல் வெளிச்சம் வேட்டியில் பட்டு முகத்துக்குத் திரும்பியது. முதல் முயற்சியிலேயே பச்சைச் சதுரம். “மத்தியானம் வெளிச்சம் பத்தாம ஊசியில நூல் கோக்க இப்படித்தான் பண்ணுவேன்” என்றார்.

தேர்வு நவம்பரில் ஒரு புதன்கிழமை, மதியம் இரண்டு முதல் நான்கு வரை. முந்தின வாரம் மின்தூக்கிக்குப் பக்கத்தில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. மேல் வீட்டில் புதுப்பிப்பு வேலை. வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) விதிப்படி உடைப்பது, துளைப்பது போன்ற சத்தமான வேலைகளுக்கு வார நாட்களில் காலை ஒன்பதிலிருந்து மாலை ஐந்து வரை அனுமதி உண்டு. ஆகவே புகார் செய்ய முடியாது. தீபாவளி முறுக்கில் மிச்சமிருந்த ஒரு டப்பாவை எடுத்துக்கொண்டு மாடி ஏறினேன். மேற்பார்வையாளர் அறந்தாங்கிப் பக்கத்துத் தம்பி. விஷயத்தைச் சொன்னேன். “ரெண்டுலேர்ந்து நாலு வரைக்கும் பூச்சு வேலை பாத்துக்கிறோங்க்கா, மிஷினைத் தொட மாட்டோம்” என்றார். அவரும் இரவில் கைப்பேசியில் பாதுகாப்பு டிப்ளமா படிக்கிறாராம். விடுதியில் ஓர் அறைக்குப் பன்னிரண்டு பேர். மாடிப்படியில் உட்கார்ந்துதான் வகுப்பு. “தேர்வுக்குக் கேமரா போடணுமா?” என்று கேட்டேன். “போடணும்க்கா. ஆள் நடமாட்டம் இருக்கக் கூடாதாம். படிக்கட்டுல எப்படிக்கா நடக்காம இருப்பாங்க?” என்று சிரித்தார்.

அன்று வைஃபையை நம்பாமல் நீளமான கேபிளை வாங்கி ரௌட்டரிலேயே செருகினேன். கணினி தானாகப் புதுப்பித்துக்கொள்ளும் வசதியை முதல் நாள் இரவே நிறுத்தி வைத்தேன். கணவர் அத்தையை தேக்காவுக்கு அழைத்துப் போனார். மகன் பள்ளியில். வீடு அவ்வளவு அமைதியாக இருந்து நான் பார்த்ததே இல்லை.

கண்காணிப்பாளர் ஒரு பெண். கைப்பேசியால் அறையைச் சுற்றிக் காட்டச் சொன்னார். மேசைக்கு அடியில், நாற்காலிக்குப் பின்னால். வேட்டிக்குப் பின்னால் யாராவது இருக்கிறார்களா என்று பார்க்க அதையும் தூக்கச் சொன்னார். கடைசியாக எதிர்ச் சுவர். “அது யார்?” என்றார். “மாமனார். காலமாகிவிட்டார்.” ஒரு நொடி மௌனம். “சரி, அவர் இருக்கட்டும்” என்றார்.

இரண்டு மணி நேரம் எழுதினேன். கணக்குக் கேள்விகளைத் தாளில் போட்டு, கைப்பேசியில் படமெடுத்து, ஒரே பிடிஎஃப் கோப்பாக்கி ஏற்றப் பதினைந்து நிமிடம் தருகிறார்கள். அதைக் கடிகாரம் வைத்து வீட்டில் மூன்று முறை ஒத்திகை பார்த்திருந்தேன். மற்ற எந்த ஆயத்தத்தையும்விட இதுதான் காப்பாற்றியது. மேலே கரண்டி சுவரைத் தேய்க்கும் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. நான்கு இருபதுக்குத் துளைப்பான் அலறியபோது நான் கோப்பி கலக்கிக்கொண்டிருந்தேன்.

பி பிளஸ் கிடைத்தது. அடுத்த பாடத்துக்கான அறிவிப்பும் வந்துவிட்டது: இறுதித் தேர்வு வளாகத்தில், பேனாவால். 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்த பிறகு, வீட்டில் எழுதும் தேர்வை நம்பப் பலருக்கு மனம் வரவில்லை, கேமரா போட்டாலும்தான். எனக்குக் குறையில்லை. பழக்கத்துக்காக நேற்று இரவு ஒரு மணி நேரம் விடாமல் கையால் எழுதிப் பார்த்தேன். இருபதாவது நிமிடத்தில் கட்டைவிரல் மரத்துவிட்டது. அத்தை நாடகத்தைப் பாதியில் விட்டு எழுந்து போய்க் கோடாலித் தைலத்தை எடுத்து வந்தார்.