கார்டு மாற்றினால் ரெண்டர் வேகமாகுமா? எஸ்.பி. ரோடு போகும் முன் ஒரு கணக்கு

பெங்களூருவின் கம்ப்யூட்டர் சந்தையான எஸ்.பி. ரோட்டில் எந்தக் கடையில் கேட்டாலும் "இந்தக் கார்டு போடுங்க சார், ஸ்பீடு டபுள்" என்பார்கள். கிராஃபிக்ஸ் கார்டின் வேகம் டபுள் என்பது பெரும்பாலும் உண்மைதான். ஆனால் ரெண்டர் நேரம், அதாவது 3டி காட்சியைக் கணக்கிட்டுப் படமாக்க ஆகும் நேரம், பாதியாகிவிடாது. ஒரு ஃப்ரேம் முடிய ஆகும் நேரத்தில் கார்டு உழைப்பது ஒரு பங்கு மட்டுமே. மீதியில் அது கைகட்டிக்கொண்டு நிற்கிறது.

பிளெண்டர் என்ற 3டி மென்பொருளில் சைக்கிள்ஸ் ரெண்டர் எஞ்சின் வைத்து வேலை செய்பவர்கள் இதை ஐந்து நிமிடத்தில் அளந்துவிடலாம். படத்தின் கனமான ஃப்ரேமைத் தேர்ந்தெடுத்து எஃப்12 அழுத்துங்கள். முதல் சாம்பிள் (பிக்சல்களின் ஒளியைக் கணக்கிடும் ஒரு சுற்று) தொடங்கும் வரை ஒரு நேரம், அங்கிருந்து முடியும் வரை இன்னொரு நேரம் என்று இரண்டாகக் குறித்துக்கொள்ளுங்கள். முதல் முறை ஓட்டும்போது கெர்னல் (கார்டில் ஓடும் ரெண்டர் நிரல்) ஏற்றவே தனியாக நேரம் பிடிக்கும் என்பதால், இரண்டாவது முறை வரும் எண்களை எடுங்கள். முதல் பகுதியில் நடப்பது மாடிஃபையர் (மாடலின் வடிவத்தை மாற்றும் கருவி), முடி, துகள்களைக் கணக்கிடுவதும் டெக்ஸ்சரை (பொருட்களின் மேல் போர்த்தும் படம்) டிஸ்கிலிருந்து படித்து ஏற்றுவதும். இது பெரும்பாலும் ப்ராசஸர் வேலை. இரண்டாம் பகுதிதான் கார்டுடையது.

ஒரு ஃப்ரேமுக்கு 60 நொடி, அதில் தயாரிப்பு 20, கார்டு 40 என்று வைத்துக்கொள்வோம். 30 நொடி படம், நொடிக்கு 24 ஃப்ரேம் என்றால் 720 ஃப்ரேம். மொத்தம் 12 மணி நேரம். இரண்டு மடங்கு வேகமான கார்டு போட்டால் 40 நொடி 20 ஆகும். தயாரிப்பு 20 அப்படியே நிற்கும். ஆக ஃப்ரேமுக்கு 40 நொடி, மொத்தம் 8 மணி நேரம். இப்போது பழைய கார்டையே வைத்துக்கொண்டு, ரெண்டர் பிராப்பர்ட்டீஸில் பெர்ஃபார்மன்ஸ் என்ற பகுதியில் 'பெர்சிஸ்டன்ட் டேட்டா'வை டிக் செய்யுங்கள். ஒரு ஃப்ரேமுக்கு ஏற்றியதை அழிக்காமல் அடுத்த ஃப்ரேமுக்கும் வைத்துக்கொள்ளும். தயாரிப்பு 20-லிருந்து 5 நொடிக்கு இறங்கினால் மொத்தம் 9 மணி நேரம். காசு கொடுத்த கார்டு மிச்சம் பிடித்தது 4 மணி நேரம். காசில்லாத டிக் பிடித்தது 3. இரண்டும் சேர்ந்தால் 5 மணி நேரத்தில் படம் முடிந்துவிடும்.

கேமரா மட்டும் நகரும் காட்சியில்தான் அந்த டிக் இந்த அளவுக்கு உதவும். உடல் வளைந்து நெளியும் பாத்திரங்கள் ஒவ்வொரு ஃப்ரேமிலும் மறுபடி ஏற்றப்படும். மெமரியும் கூடுதலாகப் பிடிக்கும்.

இன்னொரு கூத்தும் உண்டு. கார்டு வாங்கிச் செருகிய பிறகும் ரெண்டர் ப்ராசஸரிலேயே ஓடிக்கொண்டிருக்கும். பிளெண்டரில் இரண்டு இடத்தில் சொல்ல வேண்டும். பிரிஃபரன்சஸில் சிஸ்டம் பக்கம் போய் ஆப்டிக்ஸைத் தேர்ந்தெடுத்து கார்டை டிக் செய்வது ஒன்று (ஆப்டிக்ஸும் குடாவும் கார்டை ரெண்டருக்குப் பயன்படுத்தும் இரண்டு வழிகள்; என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் கார்டில் குடாவைவிட ஆப்டிக்ஸ்தான் வேகம்). அந்த ஃபைலிலேயே டிவைஸை ஜிபியு (அதாவது கார்டு) என்று மாற்றுவது மற்றொன்று. இரண்டாவதைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள். டாஸ்க் மேனேஜரில் '3டி' கிராஃபை மட்டும் பார்த்து "கார்டு 5 சதவீதம்தான் ஓடுது" என்று பதறவும் வேண்டாம். சைக்கிள்ஸின் வேலை அந்த கிராஃபில் சரியாகத் தெரியாது.

அடுத்தது விராம், அதாவது கார்டின் சொந்த மெமரி. கார்டு வாங்கும்போது வேகத்துக்கு முன்னால் பார்க்க வேண்டியது இதுதான் என்பது என் கட்சி. 4096க்கு 4096 பிக்சல் அளவுள்ள ஒரு டெக்ஸ்சர், டிஸ்கில் 3 எம்பி ஜேபெக்காக இருக்கலாம். கார்டுக்குள் போகும்போது அது விரிந்து, பிக்சலுக்கு 4 பைட் வீதம் 64 எம்பி ஆகிவிடும். ஒரு மெட்டீரியலுக்கு நான்கு டெக்ஸ்சர், இருபது மெட்டீரியல் என்றால் 80 டெக்ஸ்சர், 5 ஜிபி. மாடல்கள், முடி, விண்டோஸ், திறந்து கிடக்கும் பிரவுசர் எல்லாம் சேர்ந்தால் 8 ஜிபி கார்டு மூச்சு முட்டும். இடம் போதாதபோது ஒன்று 'அவுட் ஆஃப் மெமரி' என்று நிற்கும், அல்லது சத்தமில்லாமல் சிஸ்டம் ரேமுக்கு வழிந்து ஊர ஆரம்பிக்கும். ஆர்டிஎக்ஸ் 4060 கார்டு 3060-ஐவிட வேகமானது, ஆனால் 8 ஜிபி. 3060-லோ 12 ஜிபி வகை கிடைக்கிறது. உள்ளே அடங்கும் காட்சியில் 4060 ஜெயிக்கும். அடங்காத காட்சியில் பழைய 3060. இரண்டு கார்டு போட்டால் விராம் கூடிவிடும் என்றும் நினைக்காதீர்கள். 8 ஜிபி கார்டு இரண்டு போட்டாலும் காட்சிக்குக் கிடைப்பது 8 ஜிபிதான். பிளெண்டரின் இன்னொரு ரெண்டர் எஞ்சினான ஈவீ இரண்டாவது கார்டைத் தொடவே தொடாது.

வாங்குவதற்கு முன், தூரத்தில் தெரியும் பொருட்களின் டெக்ஸ்சரை 2048க்குக் குறைத்துப் பாருங்கள். ஒவ்வொன்றும் 64-லிருந்து 16 எம்பிக்கு வந்துவிடும். ரெண்டர் பிராப்பர்ட்டீஸில் சிம்ப்ளிஃபை என்ற பகுதியில் இதற்கென்றே டெக்ஸ்சர் லிமிட் இருக்கிறது.

சாம்பிள் எண்ணிக்கை தொடாத அமைப்பில் 4096 என்று இருக்கும். நாய்ஸ் திரெஷோல்டை (படத்தில் எவ்வளவு புள்ளி மிஞ்சினால் பரவாயில்லை என்ற அளவு) 0.01-லிருந்து கொஞ்சம் ஏற்றி, சாம்பிளை 300 பக்கம் இறக்கி, டீநாய்ஸ் (மிஞ்சிய புள்ளிகளைத் துடைக்கும் வசதி) போட்டுப் பாருங்கள். ரொம்பவும் இறக்கக் கூடாது. 64 சாம்பிளில் ஒற்றைப் படம் அழகாக இருக்கும்; ஓடவிட்டால் சுவரெல்லாம் கொதிக்கிற மாதிரி தெரியும். எனவே 20 ஃப்ரேமாவது ஓட்டிப் பார்த்துதான் முடிவுசெய்ய வேண்டும்.

மோஷன் கிராஃபிக்ஸ் மென்பொருளான ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் ஆட்களுக்குக் கணக்கே வேறு. அங்கே பெரிய கார்டு பெரும்பாலும் வீண். 22-ஆம் பதிப்பிலிருந்து பல ஃப்ரேமை ஒரே நேரத்தில் ப்ராசஸரின் பல கோர்களில் ரெண்டர் செய்கிறது; ஒவ்வொன்றும் தனியாக ரேம் கேட்கும். எனவே 16 ஜிபி ரேமை 32 அல்லது 64 ஆக்குவதும் நல்ல ப்ராசஸரும்தான் பலன் தரும். ரேமை ஒற்றைக் குச்சியாக வாங்காமல் இரண்டாக வாங்குங்கள். டிடிஆர்4 ரேமுக்கான போர்டில் டிடிஆர்5 ரேம் உட்காராது. எஸ்எஸ்டியால் ஃபைல் சட்டென்று திறக்கும். ஆனால் புகை, தண்ணீர் போன்ற சிமுலேஷன் கேஷை (முன்பே கணக்கிட்டு டிஸ்கில் சேமித்தது) ஃப்ரேமுக்கு ஃப்ரேம் படிக்கும் காட்சி தவிர மற்றதில் ரெண்டர் நேரம் அவ்வளவாக மாறாது.

கார்டோடு எஸ்எம்பிஎஸ் (கம்ப்யூட்டருக்கு மின்சாரம் தரும் பெட்டி) செலவையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 3060க்கு 550 வாட், 4070க்கு 650 வாட் என்பது என்விடியா சொல்லும் அளவு. மடிவாளா, கோரமங்களா பக்கம் பிஜி அறையில் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் இண்டக்‌ஷன் அடுப்பும் ரெண்டர் மெஷினும் ஓடுவது வாடிக்கை. அந்த பாக்ஸைத்தான் முதலில் மாற்ற வேண்டும். 600 விஏ யுபிஎஸ் சுமார் 360 வாட்தான் தாங்கும். ரெண்டர் நடுவே கரண்ட் போனால் அதுவும் கூடவே படுத்துவிடும். 1000 விஏவுக்குக் குறையாமல் வாங்குங்கள். வீட்டு இன்வெர்ட்டர் என்றால் யுபிஎஸ் மோடில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் மாறும் அந்த இடைவெளியில் சிஸ்டம் ரீஸ்டார்ட் ஆகும்.

இதனால்தான் நேராக எம்பி4 ஆக ரெண்டர் செய்யவே கூடாது. 700-வது ஃப்ரேமில் நின்றால் முழு ஃபைலும் திறக்காமல் போகலாம். பிஎன்ஜி அல்லது இஎக்ஸ்ஆர் ஃப்ரேம்களாக எடுத்தால் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். அவுட்புட் அமைப்பில் 'ஓவர்ரைட்'டை (இருக்கும் ஃப்ரேமின் மேலேயே எழுதுவது) எடுத்துவிட்டு 'பிளேஸ்ஹோல்டர்ஸ்' (எடுத்துக்கொண்ட ஃப்ரேமுக்கு வெற்று ஃபைல் போட்டு வைப்பது) டிக் செய்து, ஷேர் செய்த ஒரே ஃபோல்டரைக் காட்டினால் நண்பரின் மெஷினும் அதே படத்தின் வேறு ஃப்ரேம்களை எடுத்துக்கொள்ளும். புதிதாக ஒன்றும் வாங்காமல் வேகம் கூட்ட இதைவிட நல்ல வழி இல்லை. கடைசியில் வீடியோவாகச் சேர்ப்பது சில நிமிட வேலை.

பழைய கார்டு வாங்குவதாக இருந்தால் உங்கள் கனமான ஃபைலை பென் டிரைவில் கொண்டுபோங்கள். கார்டுகளை ஓட்டி ஈத்தரியம் என்ற கிரிப்டோ நாணயம் சம்பாதிக்கும் மைனிங் 2022 செப்டம்பரில் நின்றபோது இரவும் பகலும் ஓடிய கார்டுகள் நிறைய சந்தைக்கு வந்தன. கடையிலேயே 20 நிமிடம் ரெண்டர் ஓட்டச் சொல்லுங்கள். முதல் ஃப்ரேமின் நேரத்தையும் கடைசி ஃப்ரேமின் நேரத்தையும் ஒப்பிடுங்கள். ஒரே மாதிரி காட்சியில் போகப்போக நேரம் ஏறினால் கார்டு சூட்டில் வேகத்தைக் குறைக்கிறது என்று அர்த்தம். சூட்டைக் கடத்தும் பேஸ்ட் காய்ந்திருக்கலாம், ஃபேன் தேய்ந்திருக்கலாம். அதைச் சொல்லி விலையைக் குறைக்கலாம். படத்தில் சின்னச் சின்னச் சதுரங்களோ கறுப்புப் புள்ளிகளோ தெரிந்தால் எவ்வளவு குறைத்தாலும் வேண்டாம்.